கரையேறிப் பார்த்தால்தான் கோயில் தெரியும்

சனி, ஞாயிறு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பி, பாழடைந்த கோயில், சமணர் படுக்கை, நடுகல், இடிந்த மண்டபம் என்று தேடிப் பார்க்கிறவர்கள் தமிழ்நாட்டில் பெருகியிருக்கிறார்கள். 'மரபு நடை' என்று குழுவாகச் சேர்ந்து போகிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால், பெரும்பாலும் இவர்கள் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, கரைக்குக் கீழே இருக்கும் கல் கட்டடத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். வண்டி நிற்கிற கரை அந்தக் கோயிலைவிட மூத்ததாக இருக்கலாம் என்பதோ, அந்தக் கோயிலின் சுவரில் எழுதியிருப்பதே அந்தக் கரையைப் பற்றித்தான் என்பதோ பலருக்கும் தோன்றுவதில்லை. ஏரியும் குளமும் ஊருணியும் புகைப்படத்தின் பின்னணியாக நின்றுவிடுகின்றன. அரசும் இதையேதான் செய்கிறது: கல்லுக்கு ஒரு துறை, தண்ணீருக்கு இன்னொரு துறை. தமிழகக் கிராமத்தின் இடிபாடும் அதையொட்டிய நீர்நிலையும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு உறுப்புகள். இரண்டும் சீரழிந்ததும் ஒரே காரணத்தால்தான். ஒன்றாகப் பார்த்து, ஒன்றாகப் பதிவு செய்து, ஒன்றாகப் பராமரித்தால் ஒழிய இரண்டில் எதுவும் மிஞ்சாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் சாட்சி கற்களே. ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் தனிப்பாறை ஒன்றைக் குடைந்து 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில் இருக்கிறது. அதன் தூணில் உள்ள வடமொழிக் கல்வெட்டு கோயிலின் பெயரோடு நிற்கவில்லை. மகேந்திரபுரம் என்ற ஊரில், மகேந்திர தடாகம் என்ற ஏரியின் கரையில் இந்தக் கோயில் குடையப்பட்டது என்று இடத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் அரசன் தன் பெயரையே வைத்திருக்கிறான். இன்று அங்கே போகிறவர், தொல்லியல் துறையின் வேலிக்குள் இருக்கும் பாறையை மட்டும் நினைவுச் சின்னமாகப் பார்க்கிறார். கல்வெட்டே முகவரியாகக் குறிப்பிடும் ஏரி வேலிக்கு வெளியே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே மாமண்டூரிலும் இதே கதைதான். பல்லவர் காலக் குடைவரைகள் உள்ள குன்று, சித்திரமேகத் தடாகம் என்று அன்று பெயர் பெற்ற பெரிய ஏரியை ஒட்டி நிற்கிறது. ஏரி இல்லாமல் அந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்த காரணம் விளங்காது.

உத்தரமேரூரைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் காட்டி, குடவோலைத் தேர்தல் என்று பெருமைப்படுகிறோம். தேர்தல் எதற்கு என்ற கேள்வியை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். அந்த 6 பேரின் பொறுப்பில் இருந்தது வைரமேகத் தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கிய அந்த ஏரியில் தூர் வாருவதற்கென்றே பொன்னும் நிலமும் கொடுத்தவர்களின் பெயர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி பெயர் கொடுக்க முடியாது என்ற விதியும் இருந்தது. ஆக, நாம் சுற்றிப் பார்க்கும், கல்வெட்டுகள் உள்ள அந்தச் சுவர், ஏரியின் கணக்கு வழக்குக்கும் சேர்த்து எழுதப்பட்ட பதிவேடு. தெற்கே பாண்டிய நாட்டில், விருதுநகர் மாவட்டத்து எருக்கங்குடிக் கல்வெட்டு இன்னும் வெளிப்படை. 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஆட்சியில் எட்டிச் சாத்தன் என்ற இருப்பைக்குடி கிழவன் செய்த பணிகளைப் பட்டியலிடும்போது, வெட்டிய குளங்களையும் எடுத்த கோயில்களையும் அது ஒன்றாகவே அடுக்குகிறது. செய்தவனுக்கு இரண்டும் ஒரே அறம்.

கரையில் நிற்கும் கல்வெட்டு

கோயில் சுவரை விட்டு ஏரிக்குள்ளேயே இறங்கினாலும் சாட்சி கிடைக்கும். புதுக்கோட்டை வட்டாரத்துக் கண்மாய்களில், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு கல்தூண்கள் குறுக்குக் கற்களால் இணைக்கப்பட்டு நிற்பதைக் காணலாம். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது இடிந்த மண்டபத்தின் மிச்சம் போலத் தெரியும். அது குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் கல்லால் ஆன தொட்டி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஓடும் கல் சுரங்கம். தொட்டியின் மேல் உள்ள பெரிய துளையை நீரோடி என்றும், அடிப்பக்கத்துச் சிறு துளைகளைச் சேறோடி என்றும் சொல்வார்கள். ஒருவர் நீந்திப்போய் மேல் துளையை மூடியிருக்கும் கல்லைத் தூக்கினால், தெளிந்த நீர் மேல் வழியாகவும், அடியில் படிந்த சேறு கீழ் வழியாகவும் புகுந்து, இரண்டும் சேர்ந்து வயலுக்குப் போகும். பாய்ச்சும்போதே மடை வாயில் தூர் வாருகிற ஏற்பாடு இது. போகிற சேறு வயலுக்கு உரம். இந்தத் தூண்கள் பலவற்றில், 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்துகளில், தூம்பை அமைத்தவரின் பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கோயில் சுவரில் இருந்தால் வேலி போட்டுக் காப்போம் என்கிற அதே வகைக் கல்வெட்டு, கண்மாய்க்குள் இருப்பதால் ஜேசிபியின் வாய்க்குப் போகிறது. புதிய ஷட்டர் மடை கட்டும்போது பழைய தூண்கள் பிடுங்கிப் போடப்படுவதும், துணி துவைக்கும் கல்லாக மாறுவதும் புதுச் செய்தி அல்ல.

இரண்டும் ஒன்றாக வாழ்ந்தன என்று காட்டினால் போதாது, ஒன்றாகவே நலிந்தன என்றும் காட்ட வேண்டும். பழைய ஏற்பாட்டின் உயிர் மானியத்தில் இருந்தது. கோயிலில் விளக்கு எரிக்க ஒரு துண்டு நிலம். ஏரிக்கரையைப் பார்க்க ஏரிப்பட்டி என்று ஒரு துண்டு நிலம். மடை திறக்கும் நீர்க்கட்டிக்கு விளைச்சலில் ஒரு பங்கு. நிலத்தின் வருவாய் ஊருக்குள்ளேயே நின்று வேலையைச் செய்தது. கிழக்கிந்திய கம்பெனியின் ரயத்துவாரி முறை, வருவாயை நேராகக் கஜானாவுக்குத் திருப்பியது. பராமரிப்புக்கான நிலங்கள் படிப்படியாகக் கைமாறின. ஊர் தானாகச் செய்துவந்த வேலை நின்றுபோனபோது, அதைக் கட்டாயமாக்கி 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. வருவாயை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் ஊரின் தலையில் கட்டிய அந்தச் சட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1963இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்கள் உழுதவருக்கு நில உரிமை தந்தன, அது நியாயம். ஆனால், அந்த நிலங்கள் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்ற கேள்விக்குச் சரியான பதில் ஏற்பாடு வரவில்லை. விளக்கு அணைந்த சிறு கோயிலும் தூர்ந்த சிறு கண்மாயும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் சோறு போட்ட நிலம் போனது. பிறகு மோட்டார் பம்பு வந்தது. கரையைப் பார்க்க வேண்டிய அவசியமும் குறைந்தது. 1960களில் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் பெற்ற பரப்பு 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது அதில் பாதியை எட்டுவதே பல ஆண்டுகளில் சிரமம்.

ஒரே ஊர், ஆறு அலுவலகங்கள்

இன்றைய நிர்வாகம் இந்தப் பிரிவினையை உறுதியாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஏரி நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு. அதில் வளரும் கருவேலம் பல இடங்களில் வனத்துறை வைத்தது. வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் போக வேண்டும். கரையோரக் கோயில் அறநிலையத் துறையிடம் இருக்கலாம். மத்திய அல்லது மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கலாம். பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. மாநிலத் துறையின் பட்டியல் 100ஐ ஒட்டியது. இந்த இரண்டு பட்டியலிலும் சேராத இடிபாடுகளே கிராமங்களில் மிகுதி. இத்தனை அலுவலகங்களில் எதிலும், இந்தக் கோயிலின் ஏரி இது, இந்த ஏரியின் கல்வெட்டு இது என்று இணைத்துக் காட்டும் பதிவேடு இல்லை.

இந்தப் பிரிவினையின் விலை என்ன என்பதற்குக் கங்கைகொண்ட சோழபுரத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக முதலாம் ராஜேந்திரன் அங்கே கோயிலோடு ஒரு பேரேரியையும் வெட்டினான். சோழகங்கம் என்ற அந்த ஏரியை, நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. அரசனின் கணக்கில் வெற்றிச் சின்னம் ஏரி. நம் கணக்கில் சின்னம் கோயில் மட்டும். 2004இல் கோயிலுக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. 16 மைல் நீளக் கரையும், கொள்ளிடத்திலிருந்து நீர் கொண்டுவந்த நெடுங்கால்வாயும் கொண்டதாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று விவரித்த சோழகங்கம், இன்று பொன்னேரி என்ற பெயரில் முட்புதரோடு சுருங்கிக் கிடக்கிறது. மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த அரண்மனையின் செங்கல் அடித்தளங்களைப் பார்க்க வருகிறவர்களில் ஏரிக்கரைக்குப் போகிறவர் அரிது.

இதே ஊரில் எதிர்த்திசையில் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் தேவைப்பட்டபோது, ராஜேந்திரனின் கோயில் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்தார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள், தண்டனைதான் மிஞ்சியது. அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் போய்ச் சேருவது வீராணம் ஏரிக்கு. ராஜேந்திரனின் முன்னோரான பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட வீரநாராயணன் ஏரி அது. 2004 முதல் சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சோழனின் கோயில் மதிலைக் கரைத்துக் கட்டிய அணை, இன்னொரு சோழனின் ஏரியை நிரப்பி, தலைநகரின் குழாய் வரை நீர் அனுப்புகிறது. பழைய நீர்நிலை செத்த காலத்தின் பொருள், அதைப் பார்ப்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு வீராணமே பதில். ஆயிரம் ஆண்டு மூத்த இந்த ஏரி இன்னும் வேலை பார்க்கிறது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஏரி எதற்கு என்று கேட்பவர்கள், அந்தக் கிணற்றில் நீர் ஊற மேலே ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது அந்த மறதிக்குக் கிடைத்த நினைவூட்டல்.

சேர்த்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரிட்டாபட்டி உதாரணம். மதுரைக்கு அருகே குன்றுகள் சூழ்ந்த இந்த ஊரில் தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலச் சிவன் குடைவரை எல்லாம் இருக்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தபோது, கல்லை மட்டும் எண்ணவில்லை. 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று நீரையும் கல்லையும் ஒரே அறிவிப்பில் எண்ணினார்கள். 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனபோது, சுற்றுப்பட்டு மக்கள் எழுந்து நின்றார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது; அதற்கு அது சொன்ன காரணங்களில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் ஒன்று. போராட்டத்தின் வலு முதல் காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தப் போராட்டத்தின் கையில் கண்மாயையும் குடைவரையையும் ஒன்றாகச் சொல்லும் ஓர் அரசு ஆவணம் முன்கூட்டியே இருந்தது. பெரும்பாலான கிராமங்களின் கையில் அது இல்லை.

மறுப்புகள் நான்கு

ஏரி வேலை செய்யும் கருவி, அதைச் சின்னமாக்கினால் தூர் வாரவே முடியாமல் போகும் என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இந்த விதியை 39,000 ஏரிகளுக்கு நீட்டினால் விவசாயி அலுவலக வாசலில்தான் நிற்பார். எனவே, ஏரிகளைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக்கச் சொல்வது இங்கே நோக்கமில்லை. கேட்பது பதிவு: ஒவ்வொரு ஏரியிலும் பழைய தூம்பு, மிகைநீர் வழியும் கலிங்கு, கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்து, சீரமைப்புக்கு மதிப்பீடு போடும் பொறியாளரின் கோப்பில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசு ஏரிச் சீரமைப்பை மறுபடி தொடங்கியபோது, கரையைப் பலப்படுத்தவும் மடையை மாற்றவும் மதிப்பீடுகள் போடப்பட்டன. பழைய தூம்பைப் படியெடுத்து, வாசித்து, நகர்த்த வேண்டியிருந்தால் கரையிலேயே நட்டுவைக்கும் செலவு அந்த மதிப்பீடுகளில் ஒரு வரிகூட ஆகாது.

இரண்டாவது மறுப்பு, ஆள் போகப் போக இடம் கெடும் என்பது. பாறையில் பெயர் கிறுக்குவதும், கரையில் மது பாட்டில் உடைப்பதும், புதையல் தேடி லிங்கத்துக்கு அடியில் தோண்டுவதும் நடக்கின்றன. ஆனால், புதையல் வேட்டை நடப்பது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான். ஆக்கிரமிப்பும் அப்படியே. வரத்துக்கால் மூடப்பட்டதையும் கலிங்கு உடைந்ததையும் முதலில் கவனிப்பவர் அங்கே அடிக்கடி நடக்கிறவர். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சான்று வேண்டும். தேதியோடு எடுத்த நூறு புகைப்படங்கள் கோயில் கோபுரத்தைக் காட்டுவதற்குப் பதில், அவற்றில் இருபதேனும் வரத்துக்காலைக் காட்டினால், சுற்றிப் பார்க்கிறவர் ஊருக்குப் பயன்படுவார். கூட்டம் வேண்டாம், கவனிக்கத் தெரிந்த சிலர் போதும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. பழைய ஏற்பாட்டைப் புகழ்வது பழைய சாதியையும் சேர்த்துப் புகழ்வதுதானே? உத்தரமேரூர் வாரியத்தில் பெயர் கொடுக்க, வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். உழுதவருக்கு அங்கே ஓலை இல்லை, பெண்ணுக்கு இல்லை. நடுராத்திரியில் மடை திறக்க நீரில் இறங்கிய நீர்க்கட்டியும், அவரைப் போன்ற நீராணிக்கரும் பல ஊர்களில் தலித் மக்கள். அவர்கள் காத்த குளத்திலேயே அவர்களுக்குத் தண்ணீர் எடுக்க உரிமை மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. இதை மறைத்துப் பொற்காலக் கதை சொல்கிற மரபு நடை, நடக்காமலே இருக்கலாம். ஆனால், இந்த மறுப்பு இடிபாட்டையும் குளத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கே வலு சேர்க்கிறது. கோயிலை மட்டும் பார்த்தால் அரசனும் சிற்பியும் தெரிவார்கள். குளத்தையும் பார்த்தால்தான் வெட்டியவர் யார், காத்தவர் யார், குடித்தவர் யார், தள்ளி நிறுத்தப்பட்டவர் யார் என்ற கேள்விகள் எழும். எடுத்துக்கொள்ள வேண்டியது ஏரி வாரியத்தின் உறுப்பினர் தகுதி அல்ல. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்ற அதன் விதியைத்தான்.

பாழ்படுவதைவிடப் புதுப்பிப்பதே மேல், அரசு அதைச் செய்கிறதே என்பது நான்காவது. புதுப்பிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கோயில்களில் மணல் வீச்சு எந்திரத்தால் கல்வெட்டின் முனை மழுங்கியது உண்டு. தரையில் பளபளக்கும் கிரானைட் ஏறும். குளத்தில் நான்கு புறமும் கான்கிரீட் சுவர் எழும்பும்; சில இடங்களில் தரைக்கும் சிமெண்ட்; சுற்றி நடைபாதை, இரும்பு வேலி, வண்ண விளக்கு. வரத்துக்காலைத் திறக்காமல் போட்ட நடைபாதை, மழைக்காலத்திலும் காலியாக நிற்கும் தொட்டியைத்தான் சுற்றி வருகிறது. புறக்கணிப்பும் அழகுபடுத்தலும் எதிரெதிர் போலத் தோன்றினாலும் பிழை ஒன்றே: இடத்தை அதன் வேலையிலிருந்து பிரித்துப் பார்ப்பது. சோழகங்கத்தைச் சீரமைக்க 2025இல் தமிழக அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டியது. அந்தத் திட்டம் பூங்காவில் தொடங்குகிறதா, வரத்துக்காலில் தொடங்குகிறதா என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. ஒவ்வொரு ஊராட்சியிலும் நீர்நிலைக்கும் பழஞ்சின்னத்துக்கும் ஒரே பதிவேடு. கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறை அதை வாசித்துச் சரிபார்ப்பது. ஏரிச் சீரமைப்புக்கு முன் மாநிலத் தொல்லியல் துறையின் ஆள் ஒருவர் வந்து தூம்பையும் கலிங்கையும் பார்த்துச் செல்வது. சின்னத்தின் முன் வைக்கும் நீலப் பலகையில் அரசன் பெயரோடு ஏரியின் பெயரையும் அதன் இன்றைய ஆயக்கட்டையும் எழுதுவது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கோயிலுக்குள் நுழையும் முன் கரையில் ஏறி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சியது எங்கே வழிகிறது என்ற மூன்று கேள்விகளை ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்ல அந்த ஊரில் ஆள் இருந்தால் அந்தக் கோயிலுக்கும் எதிர்காலம் உண்டு. பதில் சொல்ல ஆளில்லாத ஊரில், கல்லைச் சுற்றி எத்தனை வேலி போட்டாலும் அது காவல் காக்கப்படும் இடிபாடாகவே இருக்கும்.